தெம்பனிஸ் வீட்டுக்குக் காம்பி பாய்லர் கிடைக்குமா?

வாசகர் கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கும் மகன் வீட்டில் குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டு வந்தோம். அங்கே சமையலறை அலமாரிக்குள் ஒரே ஒரு பெட்டி. வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர் தருவதும் அதுதான். காம்பி பாய்லர் என்றான் மகன். இப்போது சிங்கப்பூரில், தெம்பனிஸில் 1984ல் கட்டிய ஒரு நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம், ரெனோவேஷன் தொடங்கப் போகிறது. நான், கணவர், வேலைக்குப் போகும் மகள், 78 வயது மாமியார், இரண்டு குளியலறை. மாமியார் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர், ஷவர் பிடிக்காது, வாளியும் குவளையும்தான். அதே மாதிரி ஒரே பெட்டி இங்கே போட முடியுமா? கடையில் கேட்டால் கேஸ், டேங்க், இன்ஸ்டன்ட் என்று மூன்று சொல்லிக் குழப்புகிறார்கள். துணி துவைக்கும் இடத்தை ஜன்னல் போட்டு அடைக்கவும் திட்டம். இன்னொன்று, மகன் வீட்டுப் பாய்லருக்கு வயதாகிவிட்டது, புதியது 24ஆ 30ஆ 35 கிலோவாட்டா என்று அவனும் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். கடைசியாக, ஹீட்டர் சுவிட்சை நாள் முழுக்கப் போட்டு வைக்கலாமா?

பதில்:

வணக்கம் சகோதரி. மகன் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் உங்கள் வீட்டுக் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

காம்பி பாய்லர் செய்வது இரண்டு வேலை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றுகிற தண்ணீரைச் சூடாக்குவது ஒன்று, குழாயில் வருகிற பச்சைத் தண்ணீரை அப்போதைக்கு அப்போது வெந்நீராக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. நீங்கள் ஷவரைத் திறந்ததும் உள்ளே ஒரு வால்வு திரும்பி, ரேடியேட்டருக்குப் போகும் சூட்டை நிறுத்திவிட்டு, மொத்தத் தீயையும் குளிக்கிற தண்ணீருக்குக் கொடுக்கும். குளித்து முடித்தால் மறுபடி பழையபடி. ஆகவே 24, 30, 35 என்று பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் வெந்நீருக்கான கணக்கு. வீட்டைச் சூடாக்க அவ்வளவு தேவையே இல்லை. ஓரளவு குளிர்காப்புச் செய்த சாதாரண மூன்று படுக்கையறை வீட்டுக்கு, நல்ல குளிர் நாளிலும் ஆறிலிருந்து பத்து கிலோவாட் வந்தாலே பெரிது.

அப்படியானால் வெந்நீருக்கு மட்டும் ஏன் அவ்வளவு? அங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணீர் ஏழெட்டு டிகிரியில் வரும். கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், விரல் மரத்துவிடும். அதை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், அதாவது 32 டிகிரி ஏற்றம். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஓட வேண்டுமென்றால் கணக்குப்படி 22 கிலோவாட் வேண்டும். இங்கே நம் குழாயில் தண்ணீர் வருவதே சுமார் 28 டிகிரியில். அதே பத்து லிட்டரை அதே 40 டிகிரிக்குக் கொண்டுபோக எட்டரை கிலோவாட்டுக்கும் குறைவு போதும். அந்த ஊர்ப் பெட்டியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தால் அதன் ஒரு பாதிக்கு, அதாவது வீடு சூடாக்குகிற பாதிக்கு, ஒரு நாளும் வேலை இருக்காது. மறு பாதிக்கும் அரைகுறை வேலைதான். ஹீட்டரோ பாய்லரோ, முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு சூட்டில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்பதைத்தான். பெட்டியின் நம்பர் அதற்கு அப்புறம்.

உங்கள் மகனிடம் இன்றைக்கே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். சமையலறைப் பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்து, ஒரு வாளியை வைத்து, ஒரு நிமிடம் பிடித்து, எத்தனை லிட்டர் என்று அளக்கட்டும். காலையில், அக்கம்பக்கம் எல்லாரும் குளிக்கிற நேரத்தில் அளப்பது நல்லது. காம்பியில் தண்ணீரைச் சேர்த்து வைக்க ஒன்றும் கிடையாது, தெருக் குழாயில் வருவதைத்தான் சூடாக்கித் தரும். 35 டிகிரி ஏற்றத்தில் 24 கிலோவாட் பெட்டி நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும், 30 என்றால் பன்னிரண்டு, 35 என்றால் பதினாலு. வாளியில் பன்னிரண்டு லிட்டர்தான் விழுகிறது என்றால் 35 வாங்குவது வீண் செலவு. ஒரு குளியலறை, சின்னக் குடும்பம் என்றால் 24 தாராளம், ஷவரில் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் 30. ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓடியே தீரும் என்கிற வீடாக இருந்தால் காம்பியே சரிப்படாது. அதற்குத் தனியாக வெந்நீர்ச் சிலிண்டர் வைத்து, அதைச் சூடாக்கும் வேறு வகைப் பாய்லர் போடுவார்கள்.

35ஐ விற்பவர்கள் சொல்லாத ஒன்று, பாய்லர் எவ்வளவு கீழே இறங்கி எரியும் என்பது. ரேடியேட்டருக்கு நாலு கிலோவாட் போதும் என்கிற மிதமான குளிர் நாளில், எட்டு கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாத பெட்டி எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து தவிக்கும், கேஸும் வீண், பாகங்களும் தேயும். அதனால் உச்ச எண்ணோடு கீழ் எண்ணையும் கேட்கச் சொல்லுங்கள். மூன்று கிலோவாட் அளவுக்கு இறங்குவதுதான் நல்ல பெட்டி. அப்புறம், இங்கிலாந்தில் 2005லிருந்து போடுவதெல்லாம் கண்டென்சிங் வகை, அதாவது புகையில் இருக்கும் நீராவியைக் குளிர வைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்வது. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். ஆனால் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் ரேடியேட்டர் சூட்டை 70, 80ல் விட்டுவிட்டுப் போவது வழக்கம். மகன் அதை 60க்கோ அதற்கும் கீழேயோ இறக்கிப் பார்க்கட்டும். வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். மகன் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததே, அதேதான் பாய்லருக்குள்ளும் படியும், தண்ணீரைச் சூடாக்குகிற தகடுகளின் மேல். சூடு ஏற ஏறப் படிவதும் கூடும். குழாய் வெந்நீரை 60ல் வைத்துவிட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து விளாவுவதைவிட 48, 50ல் வைத்துக்கொண்டால் பெட்டி பிழைக்கும். காம்பியில் தண்ணீர் தேங்குவதில்லை என்பதால் இப்படிக் குறைத்து வைப்பதில் கிருமிப் பயம் இல்லை. தண்ணீரைச் சூடாக்கிச் சேர்த்து வைக்கும் டேங்க் ஹீட்டரில் இந்த விதி தலைகீழ், அதற்குக் கீழே வருகிறேன்.

மாட்டுகிறவர் கேஸ் சேஃப் (அங்கே கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) பதிவு அட்டை வைத்திருக்கிறாரா என்று பார்த்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சேர்த்து மாட்டச் சொல்லட்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து புதுப் பாய்லர் போட்டால் அது கட்டாயம். பழைய வெந்நீர்ச் சிலிண்டர் வீட்டில் இன்னும் இருந்தால் இடம் மிச்சமாகட்டும் என்று அவசரப்பட்டு எடுத்து எறிய வேண்டாம். வெளிக்காற்றின் சூட்டை இழுத்து வீட்டுக்குத் தரும் ஹீட் பம்ப் போட அங்கே அரசாங்கம் 7,500 பவுண்ட் மானியம் தருகிறது, நாளைக்கு அந்தப் பக்கம் போக நினைத்தால் சிலிண்டர் வைக்க ஓர் இடம் வேண்டும். ஹீட் பம்பை இப்போதே போடலாமா என்று கேட்டால், ஒழுகுகிற ஜன்னலையும் கூரையையும் முதலில் பார்த்துவிட்டு யோசிக்கட்டும் என்பேன்.

சரி, தெம்பனிஸுக்கு வருவோம்.

எல்லாக் குழாய்க்கும் ஒரே பெட்டி, அதுவும் திறந்ததும் தீராமல் வெந்நீர் என்றால் இங்கே நிஜமாகவே அதைச் செய்யக்கூடியது கேஸ் ஹீட்டர் மட்டும்தான். பார்க்கப்போனால் அது காம்பியின் வெந்நீர்ப் பாதியேதான். குழாயைத் திறந்தால் தீப்பிடிக்கும், மூடினால் அணையும், வெந்நீர் தீர்ந்துபோவது என்ற பேச்சே இல்லை. மின்சாரத்தில் இதைச் செய்ய முடியாதா என்றால், மேலே சொன்ன எட்டரை கிலோவாட்டை 230 வோல்ட்டில் எடுக்க 36, 37 ஆம்பியர் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வரும் மொத்த மின்சாரமே 40 ஆம்பியர், பழைய வீடுகள் பலவற்றில் 30. ஹீட்டருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் ஏர்கானும் ஃப்ரிட்ஜும் எங்கே போகும்?

இந்த 30 ஆம்பியர் விஷயம் உங்களுக்கு முக்கியம், 1984ல் கட்டிய வீடு என்கிறீர்கள். மெயின் சுவிட்சில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். 30 என்றால் வீடு முழுக்கச் சேர்ந்து 6.9 கிலோவாட்தான். இரண்டு குளியலறையிலும் தண்ணீர் ஓட ஓட மின்சாரத்தில் சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டரைத் தலைக்கு 3.3 கிலோவாட்டில் மாட்டி, மகளும் கணவரும் காலை ஆறரைக்கு ஒரே நேரத்தில் குளித்தால் அதுவே 6.6 ஆகிவிட்டது, அந்தச் சமயம் பார்த்து நீங்கள் ரைஸ் குக்கரைத் தட்டினால் வீடே இருண்டுபோகலாம். 40க்கு உயர்த்த முடியும், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலமாகச் செய்ய வேண்டும். ரெனோவேஷன் சமயத்தில் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், ஓடு ஒட்டிய பிறகு வயர் இழுப்பது பெரிய தலைவலி. அதே ஆளிடம் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இல்லாமல் இருக்கலாம், இப்போது எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம், கொடுத்திருந்த அவகாசமும் 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சமாச்சாரம், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்படியானால் கேஸ்தானே என்று நீங்கள் முடிவுக்கு வருவதற்குள் உங்கள் கடிதத்தில் இருந்த அந்த ஜன்னல் குறுக்கே வருகிறது. கேஸ் ஹீட்டர் என்பது எரிகிற அடுப்பு. அதற்குக் காற்று வேண்டும், எரிந்த புகை வெளியே போக வேண்டும். திறந்து கிடக்கும் துணி துவைக்கும் இடத்தில் மாட்டினால் பிரச்சினை இல்லை. அதையே ஜன்னல் போட்டு அடைத்து, மழை என்று சாத்திவிட்டு, உள்ளே ஹீட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமோ நிறமோ இல்லாத வாயு, தலை சுற்றும்போதுதான் தெரியும், சில சமயம் அதற்கும் நேரமிருக்காது. ‘ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம்’ என்று எல்லாரும் சொல்வார்கள், டிசம்பர் மழையில் சாரல் அடித்து மாமியார் போய்ச் சாத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆகவே அடைப்பதாக இருந்தால் கேஸ் வேண்டாம். அடைக்கவில்லை, கட்டடத்தில் குழாய் கேஸும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், உங்கள் வீட்டுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் அளவு போதும். அந்தக் காலத்து நான்கறை வீடுகளில் குளியலறைகள் பெரும்பாலும் சமையலறையை ஒட்டியே இருப்பதால் பைப் நீளமும் குறைவு. வாங்கும்போது நகர எரிவாயுவுக்கு உரியதா என்று கேட்டு வாங்க வேண்டும், இங்கே குழாயில் வருவதில் ஹைட்ரஜன் நிறையக் கலந்திருக்கும், சிலிண்டர் கேஸுக்கான பெட்டி அதற்கு ஆகாது. செலவு ரொம்பக் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். யூனிட் விலை மின்சாரத்தைவிடக் குறைவுதான், ஆனால் சூட்டில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது, கடைசியில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

இன்ஸ்டன்ட் ஹீட்டரில் விலை குறைவு, இடமும் அடைக்காது, சிங்கப்பூரில் நிறைய வீடுகளில் அதுதான், தனியாக இருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன். பத்து நிமிடம் குளித்தால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், யூனிட் 30 காசு என்று வைத்தால் 16, 17 காசு. ஆனால் 3.3 கிலோவாட்டால் நிமிடத்துக்கு நாலு லிட்டரைத்தான் 40 டிகிரிக்குக் கொண்டுவர முடியும். தலைக்கு மேலே தட்டு மாதிரி அகலமாக இருக்கும் மழை ஷவர் உங்கள் உள்வடிவமைப்பாளர் படத்தில் கட்டாயம் இருக்கும், அது ஒன்பது லிட்டர் இழுத்தால் தண்ணீர் ஐந்து டிகிரிதான் ஏறும். 28ல் வந்தது 33ல் விழும், அது வெந்நீர் இல்லை. மாமியாரின் வாளிக்கும் இது பொருந்தாது. பதினைந்து லிட்டர் வாளி நிரம்ப நாலு நிமிடம் ஆகும், தலையில் எண்ணெயும் கண்ணில் சீயக்காயும் வைத்துக்கொண்டு அடுத்த வாளிக்குக் காத்திருக்க அவர் சம்மதிப்பாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஜன்னல் போடுவது உறுதி என்றால் என் கட்சி டேங்க் ஹீட்டர். இரண்டு குளியலறைக்கும் நடுவில் பொதுவாக ஒன்று, 40 லிட்டர் அளவில், 3 கிலோவாட். ஒரே ஒரு ஹீட்டர் என்பதால் 30 ஆம்பியரிலும் சமாளிக்கலாம். 60 டிகிரியில் இருக்கும் 40 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் கணக்குப்படி நூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும், நடைமுறையில் எண்பது, தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் ஷவரில் இரண்டு பேர் அடுத்தடுத்தோ ஒரே நேரத்திலோ நிம்மதியாகக் குளிக்கலாம். தீர்ந்துவிட்டால் மறுபடி முழுசாகச் சூடாக அரை மணி நேரம். வாளியும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மாட்டும்போது கூடவே நின்று பார்க்க வேண்டியது சில இருக்கின்றன. இந்த அளவு டேங்க் தண்ணீரோடு ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைக்கலாம், ஆனால் எடை கான்கிரீட்டில் நிற்க வேண்டும், சீலிங் பலகையில் இல்லை. நாளைக்குக் கழற்ற வழியாக ஒரு திறப்பும் விட வேண்டும், அழகு கெடுகிறது என்று சிலர் அதை மூடிவிடுகிறார்கள், பிறகு ஒழுகினால் சீலிங்கை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். பைப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது செம்பு. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, 20 ஆம்பியர், விளக்கு எரிகிற வகை. பெட்டியில் சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள். பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் உள்ள பிளம்பரே மாட்டட்டும்.

அப்புறம் அந்தப் பாதுகாப்பு வால்வு. டேங்கின் பச்சைத் தண்ணீர் நுழைகிற இடத்தில் விரலளவு பித்தளையில் ஒரு வால்வு, பக்கவாட்டில் சின்ன மூக்கு. 40 லிட்டர் தண்ணீர் 28லிருந்து 60க்குப் போகும்போது அரை லிட்டர் அளவு விரியும், விரிந்தது போக இடம் வேண்டும், அதைத்தான் அந்த மூக்கு சொட்டுச் சொட்டாக வெளியே விடும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் ‘ஒழுகுகிறது’ என்று புகார் செய்தார் என்பதற்காக அந்த மூக்கை அடைத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால் அந்த டேங்க் வெடிக்கும், நான் மிகைப்படுத்தவில்லை. மூக்கிலிருந்து ஒரு குழாயைத் தரை வடிகால் வரைக்கும் கொண்டுவிடச் சொல்லுங்கள், சொட்டுவதும் தொந்தரவாக இருக்காது.

டேங்க் சூட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று 45க்கு இறக்காதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் லெஜியனெல்லா கிருமிக்குப் பிடித்த இடம், டேங்க் என்றால் 60 வேண்டும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் சில விநாடியில் சுட்டுவிடும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மாமியார் குளிக்கிற குளியலறையில் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் மிக்ஸர் குழாய் போடுங்கள், வாளிக் குழாயும் அதிலிருந்தே வர வேண்டும். மழை ஷவரை விட்டுவிட்டால் அந்தக் காசு இதற்கு வந்துவிடும்.

சுவிட்ச் விஷயம். நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டியதில்லை. யாரும் தொடாவிட்டாலும் டேங்க் ஆறும், ஆற ஆறத் தானே திரும்பச் சூடாக்கிக்கொண்டிருக்கும், அது சும்மா போகிற காசு. முழு டேங்க் ஒரு தடவை சூடாக ஒன்றரை யூனிட், சுமார் 45 காசு. காலையில் முதல் ஆள் குளிக்க அரை மணி முன்னால் போட்டு, எல்லாரும் முடித்ததும் அணைத்துவிடுங்கள், மாலையில் வேண்டுமென்றால் இன்னொரு முறை. மறந்துபோகிற வீடாக இருந்தால் நேரம் வைக்கிற சுவிட்சை மின்பணியாளரிடம் இப்போதே சொல்லிப் போட்டுக்கொள்ளலாம், 20 ஆம்பியர் தாங்குவதாக வாங்கச் சொல்லுங்கள்.